சமையலறை ஜன்னலில் ஐந்து பலூன்கள்

ஜூராகான் நாரின் நகரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. பதினெட்டு வருஷமாகத் தினமும் நூற்றைம்பது ரொட்டி சுடுகிறவள். அவள் அம்மா படுக்கையில் விழுந்ததும் மலைமேல் ஆடு பார்க்க ஆளில்லாமல் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதைச் சொல்லி அவள் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரியில், உயிரியல் டீச்சர் ஐஸாதா ஒன்பதாம் வகுப்பில் ஒரு சோதனை செய்தாள். பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர், அதில் ஈஸ்ட், பாட்டில் வாயில் ஒரு பலூன். அரை மணி நேரமாகியும் பலூன் துவண்டு கிடந்தது. ஈஸ்ட் கொடுத்தவள் ஜூராகான் என்பதால் அவளையே கூட்டிவந்தார்கள். நான் பக்கத்து வகுப்பில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தவன், சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.

"என்ன தண்ணி ஊத்துன?" என்று கேட்டாள் ஜூராகான்.

"கொதிச்ச தண்ணிதான், எஜே. இந்தக் குளிருக்கு நல்லா சூடா இருக்கட்டும்னு பாத்தேன்" என்றாள் ஐஸாதா. எஜே என்றால் எங்கள் ஊரில் அக்கா.

"பாவம், வெந்து செத்திருக்கும். கை பொறுக்குற சூடு போதும்."

இரண்டாவது பாட்டிலில் பலூன் மெல்லத் தலை நிமிர்ந்தது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சக்தி எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்று ஐஸாதா விளக்கினாள்.

"அப்போ இத்தனை வருஷமா என் மாவு உப்புனது இதுங்க விட்ட மூச்சாலயா?" என்றாள் ஜூராகான்.

"ஆமா, எஜே."

அன்றைக்கு சூப்பில் உப்பே இல்லை.

அடுத்த வாரம் சமையலறை ஜன்னலில் ஈஸ்ட் தண்ணீரும் பலூனுமாக ஐந்து பாட்டில்கள் நின்றன. ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் வெறும் மாவு, ஒன்றில் சர்க்கரையோடு நிறைய உப்பு, ஒன்றில் வேறு எதுவுமில்லை. ஐந்தாவதில் சர்க்கரை உண்டு, ஆனால் அது குளிர்ந்த கண்ணாடியை ஒட்டி நின்றது. பலூன்களை நூலால் அளந்து, மாவுப் பை அட்டையில் பென்சிலால் குறித்துவைத்தாள்.

வாசனை பிடித்துத் தலைமையாசிரியர் சகின்பெக் வந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்துல சாராயமா காய்ச்சுறீங்க?"

"காத்து கிடைக்காட்டி ஈஸ்ட் கொஞ்சம் சாராயமும் விடும், அகாய். நான் பாக்குறது அதோட மூச்சை" என்றாள் ஜூராகான். ஆண் ஆசிரியரை மரியாதையாக அகாய் என்றுதான் கூப்பிடுவோம்.

பலூனில் இருந்த வாயுவைக் குழாய் வழியாகச் சுண்ணாம்புத் தெளிநீரில் விட்டாள். கரியமில வாயு பட்டு நீர் பால்போல் வெளுத்தது. இன்னொரு டம்ளரையும் உறிஞ்சு குழலையும் அவரிடம் நீட்டி, "இப்போ நீங்க ஊதுங்க, குடிச்சிராதீங்க" என்றாள். அவர் ஊதினார். அதுவும் வெளுத்தது.

"என்னையும் ஈஸ்ட்டையும் ஒண்ணாக்கிட்டீங்களே."

"எப்படி ஒண்ணாகும், அகாய்? அது வேலை செய்யுது."

டீ வாங்க வந்து நின்றிருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு நிமிஷம் முறைத்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆய்வுக்கூட உதவியாளர் வேலை ரெண்டு வருஷமா காலியா கிடக்கு. ஒன்பதாவது சான்றிதழ் மட்டும் கொண்டாங்க" என்றார்.

ஜூராகான் மறுவருஷம் தனித்தேர்வு எழுதினாள். உயிரியலில் முழு மதிப்பெண். அல்ஜீப்ரா கவிழ்த்துவிட்டது. மூன்றாம் நாள் கணக்கு வாத்தியாருக்குச் சூடாக ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்து, பாடம் கேட்க உட்கார்ந்தாள். ஆகஸ்டில் தேறினாள்.

இப்போது காலையில் அடுப்படி, பத்து மணிக்கு மேல் ஆய்வுக்கூடம். அங்கே முதல் நாள் நுண்ணோக்கியில் ஒரு சொட்டு ஈஸ்ட்டை வைத்து வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இத்தனை பேருக்கா நான் தினமும் சாப்பாடு போட்டுட்டிருந்தேன்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வகுப்புக்காகக் கண்ணாடித் தகடுகளைக் கழுவப் போனாள்.