அமுக்கினால் நிற்கும்

பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்ப்பார். அப்புறம்தான் சாவி. வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டுவரை பட்டன். கழுத்தை மட்டும் என்ன செய்ய? அங்கே தோலுக்கடியில் பட்டாணி பட்டாணியாக மெத்தென்ற கட்டிகள்.

அவர் முதுகுக்குப் பின் சீட்டுப் பிள்ளைகள் சும்மா இருக்குமா?

"மாமா, இது என்ன?"

"பட்டன். அமுக்கினா வண்டி நிக்கும்."

ஏதாவது ஒரு வாண்டு எட்டி அமுக்கும். நிறுத்தம் வந்துவிட்டது அவருக்குத் தெரியும், வாண்டுக்குத் தெரியாது. 'புஸ்'ஸென்று காற்று இறங்கி வண்டி நிற்கும். பிள்ளையின் கையை அம்மாக்காரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், "தொத்தாதும்மா, பொறப்புலயே வந்தது" என்பார், முகம் சுளிக்காமல்.

விளக்கம் கேட்டால் அதுவும் உண்டு. டாக்டரம்மா சொன்னதைத் தன் தொழிலுக்குத் தோதாக மாற்றி வைத்திருக்கிறார். செல்லுக்குள் 'வளரு, வளரு' என்று சேதி போய்க்கொண்டே இருக்குமாம். 'போதும்' என்று அதை அடக்க ஒரு புரதம். அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணுவுக்கு என்எஃப்-1 என்று பெயர். அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று, ஆக ஆளுக்கு இரண்டு.

"எனக்கு ஒண்ணு பொறக்கும்போதே பழுது. இன்னொண்ணும் எந்த எடத்துல கைவிடுதோ, அங்க பிரேக் இல்லாம ஓடுது. அதான் கட்டி."

சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து மகள் பிறந்தாள். அந்தச் சிரிப்பு போயே போய்விட்டது. அவரிடமிருந்து பழுதானது போயிருக்கலாம், நல்லதும் போயிருக்கலாம், பாதிக்குப் பாதி என்றார் டாக்டரம்மா. குழந்தையின் ரத்தம் சோதனைக்குப் போனது. அதுமுதல் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. குளிப்பாட்டினால் ஜன்னலோரம் கொண்டுவரச் சொல்லி, இந்தக் கோளாறுக்கு முதல் அடையாளமான காப்பி நிறத் திட்டு தோலில் தெரிகிறதா என்று தேடுவார். குழந்தையைத் தூக்குவதென்றால் முழுக்கைச் சட்டை, அதற்குமேல் துண்டு. ஊருக்கெல்லாம் தொத்தாது என்று சொன்ன வாய், தன் கைக்குச் சொல்லவில்லை. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள்.

நேற்று டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: பிள்ளைக்கு வந்திருப்பது நல்ல மரபணு. அப்பாடா! அண்ணன் அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு, நிஜமாகத்தானா என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷம், துண்டைத் தேடினார். அது மனைவியின் தோளில் கிடந்தது. அவள் தருவதாக இல்லை.

"அவளுக்கு வந்திருந்தாலும் இந்தக் கைதாங்க தூக்கியிருக்கணும். சட்டையக் கழட்டுங்க."

கழற்றினார். வெறுங்கையில் மகளை வாங்கிக்கொண்டு கூடத்தில் நடந்தார். முழங்கைக்கு மேலிருந்த பெரிய கட்டி குழந்தையின் பிடிக்குள் வந்தது. நன்றாக அமுக்கினாள்.

நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். வாயைக் குவித்து, 'புஸ்'ஸென்று காற்றை இறக்கினார்.