பெயரில்லாத பட்டன்கள்

திண்டிவனத்தில் பம்ப்செட் உதிரிபாகம் விற்கும் கடையில், போனில் ஆர்டர் எடுத்து பில் போடுவது என் வேலை. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை ஒரு குரல் காதில் படித்துச் சொல்லும். நான் பில் போட்டதும் பார்சல் பஸ்ஸில் ஏறிவிடும். விழுப்புரத்திலிருந்து தினமும் வந்துபோகிற எனக்கு அந்த நாற்காலியை விட்டால் வேறு கதி இல்லை.

புது மென்பொருள் விற்க வந்தவர் முதலாளியிடம், “எல்லாம் படம்தான் சார். படிக்கத் தெரியாதவங்ககூட ஈஸியா யூஸ் பண்ணலாம்” என்றார். படிக்கத் தெரியாதவர்களுக்கு வழி பண்ணியவர்கள், படிக்கத் தெரிந்தும் பார்க்க முடியாதவளை மறந்துவிட்டார்கள். படங்களுக்கு யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. மறுநாள் என் காதில் விழுந்ததெல்லாம் “பட்டன், பட்டன், பட்டன்”. எரிச்சலில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டேன்.

மென்பொருள் கம்பெனிக்குப் பலமுறை போன் செய்தும் பலனில்லாமல், பட்டன்களின் வரிசையை மனப்பாடம் செய்து சமாளித்தேன். ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் அந்த வரிசையையும் மாற்றிவிட்டார்கள். சேமிப்பதாக நினைத்து, ஓமந்தூர்க்காரர் ஒருவரின் ஆர்டரை அழித்துவிட்டேன். சாயங்காலம் அவர் போனில் கத்தினார்: “மல்லாட்டை காஞ்சிக்கினு கெடக்குது, நீங்க என்னா பண்ணிக்கினு இருக்கீங்க?” நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாதவரின் நியாயமான கேள்விதான்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “கொஞ்ச நாளு நீ நட்டு போல்ட்டு பாக்கெட் போடும்மா. போனை நான் பாத்துக்கறேன்” என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாளோ என்று நினைத்துக்கொண்டே நட்டுகளை எண்ணிப் பாக்கெட்டில் போட்டேன்.

ஆனால் கண் இருந்தும் அவருக்கும் அந்தப் படங்கள் விளங்கவில்லை. சேமிக்கிற படத்தைக் காட்டி, “இது என்னா, மீட்டர் பொட்டியா?” என்று கடையில் எல்லோரையும் கேட்டார். அவர் படம் தேடிக்கொண்டிருக்க, போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வழக்கமாக வாங்கும் மெக்கானிக்குகள் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம், மறைப்பானேன்?

எழுந்து போய்ச் சொன்னேன்: “சார், எனக்குப் புரியாததுதான் உங்களுக்கும் புரியல. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பேரு வெக்கச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் அது போதும்.”

அவர் உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். “எங்க பொண்ணால பில் போட முடியலன்னா வருஷப் பணம் கட்ட மாட்டேன். இந்தத் தெருவுல எல்லாரும் என்னைக் கேட்டுட்டுத்தான் வாங்குவாங்க, பாத்துக்குங்க.” நான் கெஞ்சியபோதெல்லாம் “பாக்கறோம் மேடம்” என்றே இழுத்தவர்கள், ஒரு தெரு வியாபாரம் போய்விடும் என்றதும் பறந்து பறந்து வேலை செய்தார்கள்.

புதுப் பதிப்பு வந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்து விசையைத் தட்டினேன். “சேமி” என்றது காதில். இன்னொரு தட்டு. “அழி.” அப்பாடா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படத்துக்குக் கீழே பெயர் வந்ததில் முதலாளியும் தடுமாறாமல் பில் போட்டார். வாரக் கடைசிக்குள் பழைய மெக்கானிக்குகளின் குரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. “திங்கக்கெழம நீ வேலைக்கு வர வேணாம்மா. போன் சீட்டு காலியா இல்ல.”

எனக்குத் தெரியாமலே என் இடத்துக்கு ஆள் பேசி முடித்திருக்கிறார்! கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ பெருமூச்சுதான். கோபித்துக்கொள்ள நாள் நிறையக் கிடக்கிறது, அங்கேதானே இருக்கப்போகிறேன்.