ரெகுலேட்டர் இரண்டில் இருக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசைமேல் டிரம்களைப் பரப்பித் தோல் இறுக்குவது கணக்கு டீச்சரின் வேலை. தோல் என்று பேர்தான், பிளாஸ்டிக். ஒரு திருகை முடுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிரே இருப்பதை முடுக்க வேண்டும். சோம்பல்பட்டுப் பக்கத்துத் திருகுக்குப் போனால் தோல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, அடிக்கும்போது ஓட்டை வாளி மாதிரி சத்தம் வரும். எட்டுத் திருகு, திருகுக்கு அரைச்சுற்று. இந்த ஒரு விஷயத்தில் டீச்சரை யாரும் அசைக்க முடியாது.

ஐந்து டிரம் மேசையை அடைத்துக்கொண்டதில், அவருடைய புருஷன் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த மேசைல எனக்குன்னு ஒரு மூலை இருந்துச்சு. இப்ப அங்க பெரிய டிரம் உக்காந்திருக்கு."

"அது தட்டினாத்தான் சத்தம் போடும். நீங்க அப்படியா? சாப்பிடுங்க."

புருஷன் எலெக்ட்ரீஷியன். ஊரில் இருக்கிற விசிறியெல்லாம் அவர் கை பட்டால் ஓடும். வீட்டு வேலை என்றால் மட்டும் நாள் பார்ப்பார். பள்ளிக்கூடத்து பேண்டு அறையின் விசிறி 'டக் டக்' என்று தட்டுகிறது, தலைவலி உயிர் போகிறது, வந்து பாருங்கள் என்று டீச்சர் நாலு மாதமாக நச்சரித்து, ஒருவழியாக நேற்றுத்தான் ஏணியோடு போய்ச் சரிசெய்துவிட்டு வந்திருந்தார். பாராட்டுக்காக இன்னும் காத்திருந்தார்.

"பூனை நடக்கிற மாதிரி ஓடுது, தெரியுமா?"

"நாலு மாசம் கழிச்சு."

அதுதான் பாராட்டு. அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

டீச்சருக்கும் டிரம்முக்கும் பிறவிப் பொருத்தம் ஒன்றுமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பேண்டு மாஸ்டர் வேலையை விட்டுப் போனபோது, "இனிமே யார் பார்த்துக்கிறீங்க?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். எல்லோரும் அவரவர் நகத்தை ஆராய்ந்தார்கள். டீச்சர் பேனா மூடி விழுந்துவிட்டதென்று குனிந்தார். நிமிர்ந்தபோது அத்தனை கண்ணும் அவர்மேல் இருந்தது. "ஒன் டூ த்ரீ ஃபோர்தானே, கணக்கு டீச்சருக்குத் தெரியாததா?" என்றார் அறிவியல் டீச்சர். அந்த ஆளோடு டீச்சர் ஒரு வருஷம் சரியாகப் பேசவில்லை. பேண்டை மட்டும் விடவில்லை. தாளம் என்பது அவருக்குக் கிட்டாத சரக்கு. ஒரு கைதட்டலுக்கும் அடுத்த கைதட்டலுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ஆனாலும் கதவருகே நின்று தொண்டை கட்டும்வரை ஒன் டூ சொல்லுவார். பிள்ளைகள் அடித்தார்கள், நடந்தார்கள். அதுவும் இந்த வருஷத்துப் புதுப் பிள்ளைகள் வெட்டிவைத்த மாதிரி அடித்தார்கள். தன் ஒன் டூ கடைசியில் பலித்துவிட்டது என்று டீச்சர் உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்துத்தான் போயிருந்தார்.

புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தார். "இதுல போட்டா தப்பே வராது டீச்சர்," என்றார். புதன்கிழமை வந்து கேட்பதாக ஏற்பாடு. நன்றாக இருந்தால் வெள்ளிக்கிழமை சீசனின் முதல் அணிவகுப்புக்கு டிரம்ஸ் முன்னால் போகும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் போகும். டிரம்கள் உடைந்த பெஞ்சுகளோடு ஸ்டோர் ரூமுக்குப் போகும்.

திங்கட்கிழமை பிள்ளைகள் டிரம்மை மாட்டிக்கொண்டு நின்றார்கள். டீச்சர் ஒன் டூ சொன்னார். ஐந்து டிரம் ஐந்து திசைக்குப் போயின. பெரிய டிரம் யாருக்கும் சொல்லாமல் தனியாக ஊர் சுற்றப் புறப்பட்டது. இரண்டாம் தடவை அதைவிட மோசம். மூன்றாம் தடவை நடுவில் நின்ற பிள்ளை தன் காலையே மிதித்துக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு உங்களுக்கு? வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லாத்தானே அடிச்சீங்க?"

பெரிய டிரம்முக்குப் பின்னால் ஒரு தலை மட்டும் தெரிந்தது. ஆள் ஒல்லி, அதனால் குண்டூசி என்று பேர். அவள்தான் அண்ணாந்து பார்த்தபடி கேட்டாள்:

"மிஸ், ஃபேன் எங்க மிஸ்?"

"தலைக்கு மேலதானே ஓடுது?"

"ஓடுது மிஸ். சொல்ல மாட்டேங்குது."

டீச்சருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. விசிறியின் ரெகுலேட்டரைப் பிள்ளைகள் எப்போதும் இரண்டிலேயே வைத்திருப்பார்கள். எவ்வளவு வியர்த்தாலும் மூன்றுக்குத் திருப்ப விடமாட்டார்கள். அடக்கமான பிள்ளைகள், கரண்டை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று டீச்சர் மற்ற வகுப்புகளில் போய்ப் பெருமையடித்திருந்தார்.

"இரண்டுல வச்சா ஒரு அடிக்கு ஒரு டக் மிஸ். இங்க கேட்டுட்டு அப்படியே கிரவுண்டுக்குப் போனா காதுலயே ஓடிட்டிருக்கும்."

"அப்ப நான் சொல்ற ஒன் டூ?"

குண்டூசி டிரம்முக்குப் பின்னால் இறங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் புருஷன் வீட்டுக்குள் நுழைந்ததுமே டீச்சர் கேட்டார். "ஏங்க, அந்த ஃபேனைப் பழையபடி பண்ண முடியுமா?"

"எப்படி?"

"தட்டுற மாதிரி."

அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில் பண்றேன். ஓடுற பொருளைக் கெடுத்தேன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான்."

"நான் சொல்ல மாட்டேங்க."

"நாலு மாசமா சரி பண்ணு, சரி பண்ணுன்னு உயிரை எடுத்தது யாரு?"

"நான்தான்."

"இப்ப கெடுன்னு சொல்றது?"

"நானேதான். அதுக்கென்ன இப்போ?"

"அந்தத் தேஞ்ச வாஷரை அன்னிக்கே குப்பைல போட்டாச்சு டீச்சரம்மா. அது மாதிரி தேயணும்னா இன்னும் பத்து வருஷம் ஓடணும். புதனுக்குள்ள ஆகாது." சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். அதன் சத்தம் டிரம்முக்கு முன்னால் எடுபடவில்லை. கரண்டியால் பெஞ்சைத் தட்டினார். கரண்டியும் அவர் கை போன போக்கில் போயிற்று. கடைசியில் வெட்கத்தை விட்டு, "குண்டூசி, அந்த ஃபேன் எப்படித்தான் தட்டும்? கொஞ்சம் தட்டிக் காட்டு," என்றார்.

அவள் குச்சியைத் திருப்பிப் பிடித்து, பெரிய டிரம்மின் மர விளிம்பில் அடித்தாள். டக். டக். டக். கண்ணை மூடியிருந்தாள். நாலாவது டக்கில் நடுவில் நின்ற பிள்ளையின் கால் தானாக எழும்பியது. ஐந்து டிரம்மும் ஒன்றாக உள்ளே வந்தன. இடது காலுக்குத் தோலில் ஒன்று, வலது காலுக்கு விளிம்பில் ஒன்று என்று குண்டூசி பிடித்துக்கொண்டாள்.

சந்தோஷத்தில் டீச்சர் ஒன் டூ சொல்ல ஆரம்பித்தார். மொத்தமும் சரிந்தது.

ஏழாவது தடவை, அவர் வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, ஒரு பிசகும் இல்லாமல் முடிந்தது. தம்ளரோடு திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

புதன்கிழமை தலைமையாசிரியை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் கதவருகே ஒரு பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். விசிறி பூனைபோல் ஓடியது. குண்டூசி விளிம்பில் நாலு தட்டுத் தட்டினாள். அடுத்த மூன்று நிமிஷத்துக்கு அந்த அறையில் இரண்டு காலைத் தவிர எல்லாக் காலும் ஒன்றாகத் தாளம் போட்டன. அந்த இரண்டும் டீச்சருடையவை.

"வெள்ளிக்கிழமை இவங்களே முன்னால போகட்டும்," என்று தலைமையாசிரியை எழுந்தார். "அந்த டக் நல்லாருக்கு டீச்சர். உங்க யோசனையா?"

டீச்சர் பென்சிலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். பல் பதிந்திருந்தது. "குண்டூசியோடது மேடம்," என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி மேசைமேல் டிரம்கள். கடைசி முடுக்கல். புருஷன் தட்டோடு நின்றபடி முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். தான் செய்த வேலையால் ஒரு கெடுதலும் வரவில்லை என்பதில் அவருக்குத் தெம்பு வந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காத."

டீச்சர் எதிர்த் திருகுக்குப் போனார்.

"நாலு மாசமா ஃபேன் சொல்லிக் குடுத்துச்சு. இப்ப குண்டூசி சொல்லிக் குடுக்கிறா. நடுவுல நின்னு தொண்டை கட்டினியே, நீ எதுக்கு?"

டீச்சர் கடைசித் திருகை அரைச்சுற்று முடுக்கினார். தோலின் ஓரத்தை விரல் நுனியால் சுற்றிலும் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ஓரம் முழுக்க ஒரே சத்தம். திருகு முடுக்கும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, டிரம்மைத் தூக்கி அணைத்தபடி அறையைவிட்டு வெளியே போனார்.