கட்டேகாட் கடலுக்குப் போன சுல்தான்

சிலுவைமுத்து மீன் குழம்பைக் கொதிக்கவிட்டால் எண்ணூர் வரைக்கும் பூனைகள் தூக்கம் கெட்டு எழுந்து உட்காரும். சரி, கொஞ்சம் இழுத்துவிட்டேன். ராயபுரம் ரயிலடி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்குக் கப்பலில் பண்டாரி வேலை அவனுக்கு. கலாசிகளுக்குச் சோறாக்கிப் போடுவது. ஐம்பத்திரண்டாம் வருஷம் அவன் கப்பல் கடலைப் பிண்ணாக்கு ஏற்றிக்கொண்டு டென்மார்க்குக்குப் புறப்பட்டது. பிண்ணாக்கு மூட்டை இருந்தால் எலி சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு அஜீசுன்னிசாவிடம் போய் நின்றான். வலை பின்னிப் பிழைக்கும் ஒண்டிக்கட்டை அவள். துணைக்கு இருந்தது சுல்தான் என்ற சாம்பல் பூனை ஒன்றுதான்.

"கண்ணாட்டம் பாத்துக்குறேன்க்கா" என்று தூக்கிப் போனான்.

திரும்பி வந்தது அவன் மட்டும்.

"சுல்தான் எங்கடா?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது. "அந்த ஊரு ஜனம் கேட்டு வாங்கிக்கிச்சிக்கா. அது எலி புடிச்ச சோக்கைப் பாத்து, கடலுக்கே கட்டேகாட்னு பேரு வச்சிட்டாங்கோ. பூனைப் பொந்துன்னு அர்த்தம்."

அர்த்தம் மட்டும் நிஜம். வழிகாட்டக் கப்பலேறிய டேனிஷ்காரர் சொன்னது.

அஜீசுன்னிசா குழாயடி முழுக்கச் சொல்லிப் பூரித்தாள். சுல்தான் போன இடத்தில் நன்றாயிருக்க பூந்தி வைத்து ஃபாத்திஹா ஓதி, முதல் கைப்பிடியை இவனுக்கே கொடுத்தாள். வாயில் மணலாய் நறநறத்தது அது. அன்றிலிருந்து அவள் வாசலைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனான்.

கப்பலில் கரி தள்ளும் அவள் தம்பி ஹபீபுல்லா ஊருக்கு வந்த அன்று சிலுவைமுத்து மாட்டிக்கொண்டான். "சிலுவை, வாடா! என் தம்பிக்கும் அந்தக் கதையச் சொல்லு."

கேட்டு முடித்த ஹபீபுல்லா விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மாமு, இப்டி உடுற? அக்கா, அது நம்ம பாட்டன் பொறக்கறதுக்கு முன்னயே கீற பேரு. டச்சுக்கார மாலுமிங்க வச்சது. கீழ பூரா மணல் திட்டு, கப்பல் போற வழி அம்மாம் குறுகல். பூனைகூட நொழையாதுன்னு கிண்டலா வச்சாங்க."

வலை ஊசி நின்றது. அவள் இவன் முகத்தையே பார்த்தாள்.

சிலுவைமுத்து தரையில் குந்திவிட்டான். "பனி மூட்டத்துல நங்கூரம் போட்டுக் கெடந்தோம்க்கா. பக்கத்துல மீன் படகு ஒண்ணு. வாரக்கணக்கா பருப்பு தின்னு நாக்கு செத்துப்போச்சி. மீனுக்கு மாத்தா கூடையில சிகரெட்ட வச்சி கயித்துல எறக்கினேன். மீன் வாசனைக்கு சுல்தானும் கூடைக்குள்ள குதிச்சி, படகுல எறங்கிடுச்சி. பாத்தேன். பாத்துட்டும் மொதல்ல மீனத்தான் மேல இழுத்தேன். அதுக்குள்ள படகு பனியில போயிடுச்சி." குரல் இறங்கியது. "அந்த மீனக் கொழம்பும் வச்சேன். தின்னேன். உன் பூனையத் தொலச்சிட்டேன்க்கா."

"தொலைக்கலடா," என்றாள் அஜீசுன்னிசா. "மீனுக்கு வித்துட்ட."