இரண்டு முதலாளிகள், ஒரு தந்திப் பெயர்

தந்தி ஆபீசில் பெயர் பதிகிற வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊரில் எந்த வியாபாரிக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் போதாது. தந்தியில் சொல்லுக்குச் சொல் கட்டணம். முழு விலாசமும் எழுதினால் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே சொல்லில் ஒரு தந்திப் பெயர் பதிந்துகொள்வார்கள். ஒரு ஆபீசில் ஒரு பெயர் ஒருத்தருக்குத்தான். பாறசாலைப் பக்கம் தமிழ்நாட்டோடா கேரளத்தோடா என்று எல்லைப் போராட்டம் சூடாயிருந்த காலத்தில் அந்தக் கவுண்டரில் இருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஏச்சு வாங்கிய என் இனத்தாரே, கேளுங்கள்.

கேட்ட பெயர்

ஒரு நாள் காலை பக்கத்துக் கொல்லயில் ஊரிலிருந்து கொப்பரை வியாபாரி ஒருவர் வந்து, ‘தமிழ்நாடு’ என்று பதியச் சொன்னார். நாட்டுப் பெயர் கூடாது என்று போஸ்ட்மாஸ்டர் எனக்குப் பலமுறை சொல்லியிருந்தார். அதையே அவரிடம் சொன்னேன். பின்னால் ‘ஐக்கிய கேரளம்’ கேட்க நின்றவர் அதைக் கேட்டுச் சத்தமில்லாமல் நழுவிவிட்டார். கொப்பரைக்காரர் மட்டும் நகரவில்லை.

“நாட்டத்தான் தரமாட்டேங்கானுவ. பேரத் தந்தா ஒமக்கென்ன நட்டம்?”

பெயரைப் பங்கு வைத்தது

சிவதாணுப் பிள்ளையும் ராகவன் நாயரும் பாலராமபுரம் புடவையை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் கூட்டு வியாபாரிகள். தந்திப் பெயர் ‘பொன்தறி’. ஊர் தமிழ்நாட்டோடு சேரணும் என்று பிள்ளை ஊர்வலம் போனார். கூடாது என்று நாயர் கூட்டம் போட்டார். பேச்சு நின்றது. சரக்கைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பெயரில்தான் சிக்கல். கொழும்புக்காரருக்கு ஆளைத் தெரியாது, பெயரைத்தான் தெரியும்; அது கைவிட்டுப் போனால் வியாபாரமே போச்சு. இருவரும் சேர்ந்து பதிந்ததை ஒருவர் மட்டும் கேட்டு மாற்றவும் முடியாது.

காலையில் நாயர் வந்து, “வெட்டித் தா, எனக்குப் ‘பொன்’ போரும்” என்றார். சாயங்காலம் வந்த பிள்ளையிடம் அதைச் சொன்னேன்.

“அப்பம் வெறுந் தறிய வச்சு நான் என்னத்த நெய்ய?”

கொழும்புத் தந்தி

ஓணம் நெருங்கும்போது ‘பொன்தறி’க்குத் தந்தி வந்தது. கையிலுள்ள புடவை அத்தனையும் வேண்டும், இன்றே பதில், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம். ஒருவருடைய பாதி எந்த மூலைக்கு? இது போனால்தான் நெசவுக்காரர் வீட்டிலும் ஓணம். இருவரையும் வரவழைத்தேன். கவுண்டரின் இரண்டு முனையில் நின்று, என் முகத்தைப் பார்த்தே பேசினார்கள்.

“மக்கா, அவரு பங்குல எத்தற கெடக்குன்னு கேளு,” என்றார் பிள்ளை.

“எல்லாம் உண்டு. ஒண்ணும் வித்தில்லன்னு சொல்லு,” என்றார் நாயர்.

சொன்னேன். எனக்கு மெல்லிய குரல்.

“எலே, ஒறக்கச் சொல்லு!” என்று பிள்ளை அதட்டினார். நாயர் சொன்னது அவருக்கு நேரே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொன்னால்தான் கணக்கு. இரண்டு முழ தூரத்துக்கு நானே தந்திக்கம்பியானேன்.

அத்தனையும் அனுப்புகிறோம் என்று பொன்தறியின் பதில் போயிற்று. படியிறங்கப் போன நாயர் திரும்பி நின்றார்; பார்த்தது என்னை, கேட்கவேண்டியது பிள்ளைக்கு.

“எல்லைய எங்க வேணும்னாலும் போடட்டும். பேரு இங்கத்தன்னே கெடக்கட்டும்னு சொல்லு, கேட்டியா.”

எல்லை கடைசியில் எங்களுக்குத் தெற்கே விழுந்து, ஊர் கேரளத்தோடு நின்றது, ஆனால் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் நாள் வராததால் எனக்கு மட்டும் வேலை குறையவேயில்லை.