மாமா வீட்டு மண்வெட்டி

எங்கள் அப்பாவின் பொறுப்பில் எட்டுக் கிலோமீட்டர் சாலை இருந்தது. கீரமங்கலத்துக்கு மேற்கே, எங்கள் ஊரின் நடுவே புகுந்து போகும் தார்ச்சாலை. அப்பா சாலைப் பணியாளர். குழி விழுந்தால் ஜல்லியும் தாரும் இட்டு அடைப்பார். ஓரத்தில் முளைக்கும் கருவேலஞ்செடிகளை வெட்டுவார். கிலோமீட்டர் கற்களுக்கு வர்ணம் அடிப்பார். மழைத் தண்ணீர் சாலையை விட்டு இறங்கி, ஓரத்து வடிகாலில் ஓடி, குளத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார். அந்த வடிகாலை எங்கள் பக்கம் வாரி என்போம். வாரி சரியாக இருந்தால் மற்ற வேலைகளில் பாதி இருக்காது என்று அப்பா சொல்வார். ஆனால் வாரியில் செய்த வேலை யார் கண்ணிலும் படவில்லை. வர்ணம் அடித்த கல்லைப் பார்த்துத்தான் ஊரார் அவரைப் பாராட்டினார்கள்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு ஒன்பதாம் வகுப்பில்தான் வந்தது. இது நான்காம் வகுப்பில் நடந்தது. ஆகவே தேதி சொல்ல முடியாது. தீபாவளி முடிந்துவிட்டிருந்தது, பொங்கல் வரவில்லை, அவ்வளவுதான் உறுதி.

ஒன்பது வயதாகியும் எனக்குக் காது குத்தியிருக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் தாய்மாமன், அம்மாவின் ஒரே அண்ணன், எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது வேலைக்கு வெளிநாடு போனவர். இந்த வருடம் வருவார், அடுத்த வருடம் வருவார் என்று ஏழு வருடங்கள் போய்விட்டன. வகுப்பில் எனக்கு மூளி என்று பெயர். தோடு இல்லாத காது மூளிக்காது. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு எப்போதும் ஆண் வேடம்தான் கிடைத்தது. தோடு வாங்கித் தருவதாக மாமா கடிதத்தில் எழுதியிருந்ததை நான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஒருத்தியும் நம்பவில்லை.

அந்த ஆண்டு ஆடியில் மாமா திரும்பி வந்தார். இனிப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, சாலையோரத்தில் இருந்த தம் வீட்டு வாசலில் கொட்டகை போட்டுத் தேங்காய் வியாபாரம் தொடங்கினார். தை மாதம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து என்று முடிவாயிற்று. நான் நாட்காட்டியில் நாள்களை எண்ணத் தொடங்கினேன்.

லாரி கொட்டகை வரை வந்தால்தான் தேங்காய் ஏற்ற வசதி. அதற்காக மாமா செம்மண் அடித்து, வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் இருந்த வாரியை மூடிப் பாதை போட்டார். அடியில் குழாய் வைக்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அதே வரிசையில் ஆறு வீட்டுக்காரர்கள் முன்பே இப்படித்தான் மூடியிருந்தார்கள். மாமாவுடையது ஏழாவது. ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட அகலமானது. சாலை தாழ்ந்து இறங்கும் இடத்தில் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. வாரியில் போக வழியில்லாத தண்ணீர் சாலை மேல் ஏறி, மாமா வீட்டு வாசலில் நின்றது. நான்கு நாள் நின்ற பிறகு தார் பெயர்ந்தது. அப்பா குழியை அடைத்தார். பத்து நாள் கழித்து அடுத்த மழையில் அதே இடம், முன்னைவிடப் பெரிதாக. மறுபடியும் அடைத்தார். விடுமுறை நாள்களில் அவருக்குச் சோறு கொண்டுபோவது நான்தான். திமிசுக்கட்டையால் குழியை இடித்து முடித்ததும் அதன் மேல் ஏறி நின்று, மாமாவின் பாதையைச் சிறிது நேரம் பார்ப்பார். பிறகு புளியமரத்தடிக்கு வந்து சாப்பிட உட்காருவார். மாமா கொட்டகையிலிருந்து, "மாப்ள, தண்ணி வேணுமா?" என்பார். அப்பா, "இருக்கு மச்சான்" என்பார். அந்த இரண்டு மாதங்களில் அவர்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் இவ்வளவுதான்.

பேச வேண்டியதை அப்பா அம்மாவிடம் பேசினார்.

"ஒங்கண்ணன்கிட்ட ஒரு குழாய் போடச் சொல்லேன். நான் எத்தனை தடவ அந்தக் குழியை அடைக்கிறது?"

"ஏழு வருசம் கழிச்சு இப்பத்தான் ஒரு எடத்துல ஒக்காந்துருக்காரு. வந்ததும் வராததுமா வாசலை வெட்டுன்னு நான் போய்ச் சொல்லவா? புள்ளைக்குக் காது குத்துற வரைக்கும் பொறுங்க."

"நான் பொறுப்பேன். மழை பொறுக்குமா?"

"அப்ப ஒங்க மடியிலயே ஒக்கார வச்சுக் குத்திக்கிருங்க."

அப்பா அதோடு எழுந்து போய்விட்டார். அவர் எழுவதற்கு முன் அவருடைய மடியை நான் ஒரு முறை பார்த்திருந்தேன். அது போதாது என்பது எனக்கே தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு காலை, மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோகிறவர் ஒருவர் சைக்கிளோடு, மறுபடியும் பெயர்ந்திருந்த அந்தக் குழிக்குள் விழுந்தார். தண்ணீர் நிறைந்திருந்ததால் ஆழம் தெரியவில்லை. இடது கை முறிந்தது. நான் பள்ளிக்குப் போகும் வழியில் அதைப் பார்த்தேன். குழித் தண்ணீர் முழுவதும் கனகாம்பரம் மிதந்தது. அப்பாவுக்கு யாரோ சொல்லி, மூன்று கிலோமீட்டர் தள்ளி வேலை செய்துகொண்டிருந்தவர் ஓடி வந்தார். பூக்காரர் கையைப் பிடித்தபடி சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "ஒங்க ரோட்டுலதாங்க விழுந்தேன்" என்று மட்டும் சொன்னார். அப்பா அவரைப் பேருந்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

சாலை ஆய்வாளர் மறுநாள் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். ஏழு பாதைகளையும் திறந்துவிட வேண்டும், குழாய் வைத்து மூடிக்கொள்ள விரும்புகிறவர்கள் பிறகு மூடிக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். நான் கூடப் போனேன். ஆறு வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். ஆறு வீட்டிலும் ஒரே பதில்தான்.

"வெட்டுங்க, நாங்க என்ன வேணாம்னா சொல்றோம்? மொதல்ல ஒங்க மச்சான் வீட்டுல வெட்டிட்டு இங்கிட்டு வாங்க."

ஒரு வீட்டுப் பெரியம்மா கூடுதலாக ஒன்று சொன்னார்: "நீங்க அங்கிட்டு வெட்ட மாட்டீங்க. அதனால நாங்களும் நிம்மதியாத்தான் இருக்கோம்." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம், "நாளைக்குக் காலைல மச்சான் வீட்டு வாசலை வெட்டப் போறேன்" என்றார். அம்மா அரிசி களைந்த தண்ணீரை வழக்கமான இடத்தில் ஊற்றாமல் வாசலில் வீசினார்.

நான் யோசித்தேன். அப்பா வெட்டினால் மாமா வர மாட்டார். மாமா வராவிட்டால் காது குத்த முடியாது. நான் ஐந்தாம் வகுப்பிலும் மூளிதான். மண்வெட்டி இல்லாவிட்டால் வெட்ட முடியாது. கடப்பாரையும் இருந்தது; ஆனால் அதனால் மண்ணை அள்ள முடியாது, தவிர என்னால் அதைத் தூக்கவும் முடியவில்லை. அன்று மாலை, அம்மா கடைக்குப் போன நேரத்தில், மண்வெட்டியை இழுத்துக்கொண்டு போய் வைக்கோல் போருக்குள் செருகினேன்.

காலையில் அப்பா மண்வெட்டி சாத்தியிருக்கும் மூலைக்குப் போனார். மூலையைப் பார்த்தார். மாட்டுக் கொட்டிலைப் பார்த்தார். வைக்கோல் போரை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் மூச்சு விடாமல் நின்றேன். வெறுங்கையோடு வந்தார். முகம் கழுவி, துவைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். வேலைக்குப் போகும்போது அவர் துவைத்த சட்டை போடுவதில்லை. ஆகவே வெட்டுவதைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆனாலும் பின்னாலேயே போனேன்.

மாமா வீட்டுக்கு எதிரே இருந்த புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. மாமா கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பா கொட்டகை வாசலில் நின்று ஏதோ சொன்னார். மாமா டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா மறுபடியும் ஏதோ சொன்னார். மாமா எழுந்து வீட்டுக்குள் போய் ஒரு மண்வெட்டியோடு வந்தார். அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து வந்து கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டு, சட்டையைக் கழற்றிப் புளியமரத்துக் கிளையில் மாட்டினார். நான் நின்றதை அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நேராகப் பாதைக்குப் போய் வெட்டத் தொடங்கினார்.

மண்வெட்டி எதற்கு என்று சொல்லாமலேயே அப்பா வாங்கிவிட்டார், மாமா ஏமாந்துபோனார்!

மாமா முதலில் உள்ளே போனார். டீக்கடையிலிருந்து நான்கு பேர் வந்து நின்ற பிறகு, மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்த பிறகு, வெளியே வந்து கத்த ஆரம்பித்தார்.

"யாரைக் கேட்டு வெட்டுறீங்க? நாளைக்கு லாரி எங்கிட்டு வரும்? இந்த அநியாயத்தைப் பாருங்கப்பா! எம் மம்பட்டியைக் கேட்டு வாங்கி என் வாசலையே வெட்டுறாரு!"

டீக்கடைக்காரர் கேட்டார்: "ஏப்பா, மம்பட்டியக் குடுத்தது யாரு?"

"தங்கச்சி புருசன் வந்து வாசல்ல நின்னு கேட்டா குடுக்காம இருக்க முடியுமா? நீ குடுக்க மாட்டியா?"

கூட்டம் சிரித்தது. மாமாவுக்குக் குரல் இன்னும் ஏறியது. "தை மாசம் காதுகுத்துக்கு நான் வந்தா ஏன்னு கேளுங்க!"

அப்பா தலை நிமிரவில்லை. வெட்டிய மண்ணை ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரத்தில் வாரியின் வாய் திறந்தது. மேற்குப் பக்கம் தேங்கியிருந்த செந்நிறத் தண்ணீர், தேங்காய் மட்டைகளையும் ஒரு செருப்பையும் தள்ளிக்கொண்டு, குளத்துப் பக்கம் ஓடியது. மண்வெட்டியைக் கழுவி மாமாவின் கொட்டகை வாசலில் சாத்தினார் அப்பா. பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஒங்க மம்பட்டியக் குடுக்குறீங்களா?" என்றார். அவர் கூட்டத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமைக்குள் ஏழும் திறந்தாயிற்று. அந்தப் பெரியம்மா வீட்டில் மட்டும் இந்த முறை காப்பி கொடுக்கவில்லை.

மறு வாரமே மாமா சிமெண்டுக் குழாய் இறக்கிப் பதித்து, மேலே மண் போட்டுப் பாதையைத் திரும்ப உண்டாக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். அப்பா குழியைக் கடைசி முறையாக அடைத்தார். அந்த இடத்தில் அதன் பிறகு தார் பெயர்ந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அன்று எனக்கு அதில் அக்கறை இல்லை. வீட்டில் அம்மா அப்பாவோடு பேசவில்லை. நானோ வேறொன்றை நினைத்து நினைத்து அழுதேன். அப்பா தம் சொந்த மண்வெட்டியால் வெட்டியிருந்தால் மாமாவுக்குக் கோபம் பாதிதான் வந்திருக்கும். மாமாவின் மண்வெட்டியையே வாங்கும்படி செய்தது நான். மூளியாகவே இருக்க வேண்டியதுதான், அது எனக்குச் சரியான தண்டனை என்று முடிவு செய்தேன். மார்கழியில் அம்மா வெற்றிலை பாக்கோடு அண்ணன் வீட்டுக்குப் போய் முறைப்படி அழைத்துவிட்டு வந்தார். "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "தட்டை வாங்கி வச்சுக்கிட்டாரு" என்றார். அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

காதுகுத்து அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் எனக்கு முடி இறக்கி, குளிப்பாட்டி, சந்தனம் பூசிக் கோயில் வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆசாரி பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பூசாரி இரண்டு முறை நேரம் கேட்டார். சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாமாவின் சபதம் ஊருக்கே தெரியும். அம்மா சாலைப் பக்கமே பார்க்காமல் பூக்கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய சரத்தையே பிரித்து மறுபடியும் கட்டினார்.

ஒன்பது மணியைத் தாண்டிய பிறகு மாமாவின் தேங்காய் வண்டி வந்தது. பழத்தட்டுகள், பட்டுப்பாவாடை, ஒரு சின்னச் சிவப்பு டப்பாவில் தோடு. "லேட்டாயிருச்சா?" என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். "வா ஆத்தா" என்று என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆசாரி என் காதில் புள்ளி வைத்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மாமாவின் காதருகே போய்ச் சொன்னேன்.

"மாமா, மம்பட்டிய ஒளிச்சு வச்சது நாந்தான். அதனாலதான் அப்பா ஒங்களதை வாங்குனாரு. அப்பா மேல கோவப்படாதீங்க."

மாமாவின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"வைக்கப்போருக்கு வடக்காலதான? பிடி கொஞ்சூண்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சாமே?"

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"ஒங்கப்பாதான் ஆத்தா சொன்னாரு. 'எம் மம்பட்டி வைக்கப்போருக்குள்ள கெடக்கு மச்சான், இருந்தாலும் ஒங்களதைக் குடுங்க'ன்னு கேட்டாரு."

"அவரோடதுதான் இருக்குல்ல? அப்பறம் எதுக்கு ஒங்ககிட்ட கேட்டாரு?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கோயில் படியில் நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

"அந்தா பாரு ஆத்தா, மரத்துல கொரங்கு" என்றார் மாமா.

நான் பார்த்தேன். குரங்கு இல்லை. ஆசாரியின் கம்பி காதில் இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் கேள்வி போய்விட்டது. இரண்டாவது காதுக்கு மாமா என் தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அழுது முடித்து, தோட்டைத் தொட்டுப் பார்த்து, மாமா வாயில் ஊட்டிய சர்க்கரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேள்வி திரும்ப வந்தது. நானே அதற்கு ஒரு பதிலும் கண்டுபிடித்தேன். அப்பா நல்ல உழைப்பாளி, ஆனால் கொஞ்சம் சோம்பேறி. வைக்கோல் போருக்குள் கையை விட்டு எடுக்க அலுப்புப்பட்டுக்கொண்டு இரண்டு பர்லாங் நடந்து போயிருக்கிறார். அந்தப் பதில் எனக்குப் பல ஆண்டுகள் போதுமானதாக இருந்தது.