ஏழுமலையின் தலைக்குள் காற்று

கழுவிய படத்திலிருந்து தொட்டியில் நீர் சொட்டும் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. எக்ஸ்ரே வேலையில் பாதி, காத்திருப்பதுதான். இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் நின்று பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்று

அறுபதுகளின் கடைசி. ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வெறும் எக்ஸ்ரேயில் மண்டையோடுதான் தெரியும், மூளை தெரியாது. அதனால் டாக்டர் முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்து, அந்த இடத்தில் காற்றை ஏற்றுவார். அது மேலேறி மூளையின் குகைகளில் நிறையும். தலை பிளக்கிற மாதிரி வலிக்கும்.

முகத்துவாரக்குப்பத்து மீனவர் ஏழுமலைக்கு யாருமில்லாத குரல்கள் கேட்டன. நடுக்கடலில் அவற்றுக்குப் பதில் சொல்லத் துடுப்பையே விட்டுவிட்டாராம். எல்லாம் நடிப்பு, கோயிலில் சங்கிலி போட்டால் தெளியும் என்றார் அவருடைய அண்ணன். படத்தில் நோய் தெரிந்தால் சங்கிலி வேண்டாமே என்று அழைத்து வந்திருந்தாள் மனைவி கன்னியம்மாள். வலிக்கும் என்று நான் எச்சரித்ததும் ஏழுமலை சிரித்தார்.

"ஏத்தும்மா. உள்ள பேசிக்கினு கீறானே, அவனுக்கும் கொஞ்சம் காத்து வேணுமில்ல?"

தகடு

தாயத்து, அரைஞாண் எல்லாம் கழற்ற வைத்தேன். சடை பிடித்த தலைமயிரைத் துழாவிப் பார்க்கவில்லை. முதல் படத்தில் உச்சியில் பளீரென்று ஒரு வெள்ளைச் சதுரம். இதுதான் நோயோ என்று டாக்டர் குனிந்து பார்த்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. வெளியே ஓடிப்போய்க் கன்னியம்மாளைக் கேட்டேன்.

"மந்திரிச்ச தகடு யக்கா, மயிருக்குள்ள முடிஞ்சி வுட்டேன். அதயும் புடிச்சிடுச்சா ஒன் பொட்டி?"

பட்டாம்பூச்சி

என் கவனக்குறைவுக்கு, வலியோடு அவர்தான் மறுபடி உட்கார்ந்தார்.

இரண்டாவது படத்தில், சாம்பல் நிறத்தின் நடுவே, கரும் பட்டாம்பூச்சி ஒன்று சிறகு விரித்தது. காற்று நிறைந்த குகைகள். எத்தனையோ தலைகளில் பார்த்ததுதான். ஒவ்வொரு முறையும் கை கூப்பத் தோன்றும். இவருடைய சிறகுகள் சற்றே பெரியவை. குரல்களுக்கு அதுதான் காரணமா என்பது தனக்குத் தெரியாது என்றார் டாக்டர்.

கோயிலுக்கு அழைத்துப்போக வந்திருந்த அண்ணனிடம் கன்னியம்மாள் ஈரப்படத்தை ஜன்னலில் தூக்கிக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள இம்மாம் எடம் கீது. இதுல எங்கன்னு சங்கிலி போட்றது? வூட்டுக்கு வாடா."

எங்கள் படம் எந்த நோயையும் கண்டுபிடிக்கவில்லை. ஏழுமலை குரல்கள் போகாமலே, சங்கிலியும் ஏறாமலே, பதினெட்டு வருஷம் கரையில் வலை பின்னிவிட்டு, ஒரு சாதாரணக் காய்ச்சலில் இறந்துபோனார்.